வெட்டினால் பூக்குமா, பட்டுப்போகுமா? திருகோணமலை வளவுப் பூமரங்கள் பற்றிய கேள்விகள்

தைப்பொங்கலுக்கு வளவு துப்புரவாக்கத் தொடங்கினால் என்னிடம் கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். உப்புவெளிப் பக்கம் பல வருடமாகப் பூமரம் வளர்க்கிறேன், நிறையப் பூமரங்களைச் சாகடித்தும் இருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். முதலில், ஒருவர் கேட்டது.

மகள் ஸ்கொட்லாந்தில் இருக்கிறாள். அவளுடைய முற்றத்தில் ஹெதர் என்று ஒரு குட்டைப் பூமரம். அதை எப்படி வெட்டுவது என்று ஒரு வீடியோ அனுப்பினாள். "மார்ச்சில் வெட்டு, பழைய கட்டையில் கத்தி வைக்காதே" என்கிறார்கள். என் போகன்வில்லாவுக்கும் அதே கணக்கா?

இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஹெதரை விளங்கிக்கொண்டால் நம்முடைய மரங்களும் விளங்கும்.

ஹெதர் குளிர்நாட்டு மலைவெளிச் செடி. முழங்கால் உயரம் வந்தாலே பெரிது. ஓகஸ்ட், செப்டெம்பரில் ஸ்கொட்லாந்து மலைகள் ஊதாவாகத் தெரிவது இதனால்தான். கோடை கடைசியில் பூப்பது ஒரு வகை. குளிர்காலம் முழுவதும் பூத்து ஏப்ரல் அளவில் ஓய்வது இன்னொரு வகை. முதலாவதை, வாடிய பூவைக் குளிருக்கு ஒரு போர்வைபோல விட்டுவைத்து, பனி குறைந்து புதுத்துளிர் வருமுன் மார்ச் அளவில் வெட்டுவார்கள். இரண்டாவதைப் பூ முடிந்த கையோடு வெட்டுவார்கள். மகளிடம் முதலில் கேட்க வேண்டியது, அது எப்போது பூக்கிறது என்பதைத்தான். குளிர்காலத்தில் பூக்கும் வகையை மார்ச்சில் வெட்டினால் நிற்கிற பூவை அல்லவா வெட்டி எறிவாள்!

பழைய கட்டை பற்றிச் சொன்னதும் ஹெதருக்குச் சரிதான். அதன் இலையில்லாத பழுப்புத் தண்டில் மறுபடி துளிர்க்கக்கூடிய கண்கள் அநேகமாக இருப்பதில்லை. அதனால் வாடிய பூவுக்குச் சற்றுக் கீழே, பச்சை இலை இருக்கும் பகுதியில்தான் வெட்ட வேண்டும். அதையும் வருடாவருடம் செய்ய வேண்டும். நாலைந்து வருடம் சும்மா விட்டால் நடுவில் மொட்டையாகி, ஓரத்தில் மட்டும் பச்சை நிற்கும். அப்புறம் ஆழ வெட்டித் திருத்த முடியாது, புதிய கன்றுதான் வைக்க வேண்டும். மரம்போல உயரும் ஹெதர் வகை ஒன்று மட்டும் ஆழ வெட்டினாலும் துளிர்க்கும்.

நம்முடைய வளவில் நிற்பவை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். போகன்வில்லா, செவ்வரத்தை, அலரி, நந்தியாவட்டை எல்லாம் பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும், பூப்பது புதுத்துளிரின் நுனியில். வெட்டப் பயந்து பழைய கொப்பையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் பூவும் வேலிக்கு மேலே, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கத்தான் பூக்கும்.

ஹெதரை இங்கே கொண்டுவந்து வைக்கலாமா?

வேண்டாம். அதற்குக் குளிர் வேண்டும், புளிப்புத்தன்மையுள்ள மண் வேண்டும். நம் கடற்கரை மணலில் சிப்பிச் சுண்ணாம்பு, வெயிலோ வைகாசியில் 35 பாகையைத் தொடும். கச்சான் என்று நாம் சொல்லும் மேல்காற்று அடிக்கும் ஒரு காலத்தைத் தாண்டாது. அதோடு வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ பயணப் பையில் வைத்துக் கொண்டுவருவதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பறிகொடுத்துவிட்டு நிற்க வேண்டிவரும்.

ஹெதரின் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க ஆசையென்றால் ஹோட்டன் சமவெளிக்குப் போங்கள். அங்கே சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் அதே குடும்பம்தான். சிங்களத்தில் மஹரத்மல் என்பார்கள்.

சரி, திருகோணமலையில் எந்த மாதம் வெட்டுவது?

மாரி முடிந்த கையோடு. தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடிவதற்குள்.

காரணம் இதுதான். நமக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். தையில் வானம் வெளிக்கும், நிலத்தில் ஈரம் நிற்கும், வெயில் இன்னும் மூர்க்கமாகியிருக்காது. வெட்டிய மரம் துளிர்ப்பதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. மாசி, பங்குனியில் வரும் துளிர் சித்திரைச் சிறுமழையில் முற்றி, வருடப்பிறப்பை ஒட்டிப் பூவாகும். பொங்கலுக்கு வளவைத் துப்புரவாக்கும்போதே வேலியையும் மரத்தையும் கழிக்கும் பழைய வழக்கம் சும்மா வந்ததல்ல.

இன்னொரு சின்ன வெட்டு புரட்டாசியில். இடிமழை ஒன்றிரண்டு விழுந்து வெக்கை அடங்கிய பிறகு, மாரிக்குமுன். அது பூவுக்காக அல்ல, காற்றுக்காக. அதைக் கீழே சொல்கிறேன்.

கச்சான் காலத்தில் ஒன்றுமே வெட்டக் கூடாதா?

வாடிய பூவைக் கிள்ளலாம், காய்ந்த கொப்பை எடுக்கலாம். மற்றதைத் தொடாதீர்கள். வைகாசி தொடக்கம் ஆவணி வரை மேற்கிலிருந்து தரைமேல் அடித்துவரும் அந்தக் காற்று இலையிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். இலைநிழல் இல்லாமல் வெயில் நேரே பட்டால் பச்சைத் தோலும் கருகும். கொழும்பிலிருந்து வந்த பேரப்பிள்ளை ஒருவன், "ஓ, கச்சான் விற்கிற காலமா?" என்று கேட்டான். கடலைக்கும் காற்றுக்கும் ஒரே பெயர், என்ன செய்வது.

ஒருமுறை நான் ஊரில் இல்லாதபோது, வளவு துப்புரவாக்க வந்தவர் ஆடி மாதம் என் பழைய செவ்வரத்தையை இடுப்பளவுக்கு வெட்டி, அழகாகக் கூட்டிப் பெருக்கிவிட்டும் போயிருந்தார். தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியும் பாதிக் கட்டை பட்டுப்போனது. அதே வெட்டைத் தையில் வெட்டியிருந்தால் ஒரு மாதத்தில் துளிர்த்திருக்கும்.

போகன்வில்லா மதிலைத் தாண்டிப் போகிறது. இலைதான், பூவில்லை. என்ன செய்ய?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. அதிகம் கேட்பவர்கள் தினமும் தண்ணீர் ஊற்றுபவர்கள்.

போகன்வில்லா பசியிலும் தாகத்திலும் பூக்கும் மரம். வேருக்கு ஈரமும் யூரியாவும் கிடைத்துக்கொண்டே இருந்தால் அது ஏன் பூக்கப் போகிறது? நீட்டு நீட்டாகக் கொப்பு விட்டு, முள்ளை வளர்த்துக்கொண்டு சுகமாக இருக்கும். மாரியில் அது பச்சையாகவே நிற்பதும் அதனால்தான். நாம் பூ என்று பார்ப்பது உண்மையில் நிறம் மாறிய இலை. அந்த மூன்று இலைகளுக்கு நடுவே நிற்கும் வெள்ளைக் குழாய்தான் பூ.

தையில் செய்ய வேண்டியது இது. மாரியில் எழும்பிய நீட்டுக் கொப்புகளைப் பிறந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். நடுவே பின்னிக்கிடக்கும் காய்ந்த கொப்பையும், ஒன்றோடொன்று உராயும் கொப்பில் மெலிந்ததையும் எடுங்கள். மதில் அளவுக்கு உருவம் கொண்டுவாருங்கள். துளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் ஒன்று இரண்டாகப் பிரியும். பூ நுனியில் வருவதால், எத்தனை நுனியோ அத்தனை பூக்கொத்து. அதன் பிறகு தண்ணீரைக் குறையுங்கள். நிலத்தில் நிற்கும் பெரிய மரத்துக்கு மாசிக்குப் பிறகு தண்ணீரே வேண்டியதில்லை. சாடியில் நிற்பதென்றால், இலை இலேசாகத் தொங்கும்வரை பொறுத்து, அப்புறம் நிறைய ஊற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் மொட்டு வரும்.

ஒவ்வொரு பூப்பு ஓய்ந்ததும் நுனிகளை இலேசாக, ஒரு சாண் அளவுக்கு மட்டும் வெட்டிவிட்டால் அடுத்த பூப்பு வரும். கச்சானிலும் இந்த நுனிவெட்டைத் தாங்கும் என்பதால், மேலே சொன்ன விதிக்கு இவர் மட்டும் விலக்கு.

முள் விஷயம். துணிக் கையுறை பிரயோசனமில்லை, தோல் கையுறை போடுங்கள். வெட்டிய கொப்பை அன்றைக்கே அள்ளிவிடுங்கள். காய்ந்த முள் சைக்கிள் டயரையும் விடாது, வெறுங்கால் பிள்ளைகளையும் விடாது.

மல்லிகை போன வருடம் அள்ளிக் கொட்டியது. இந்த வருடம் அரும்பே இல்லை.

வெட்டாமல் விட்டிருப்பீர்கள். மல்லிகை புதுத்துளிரில்தான் அரும்பு கட்டும். பழைய கொடியில் இலை மட்டும் மினுங்கும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மதுரைப் பக்கத்தில் மல்லிகையைக் கார்த்திகையில் வெட்டுவார்கள் என்று படித்துவிட்டு நானும் கார்த்திகையில் வெட்டினேன். அவர்களுக்கு அப்போது மழை ஓயும் நேரம், நமக்கோ அடைமழை. வெட்டுவாயில் தண்ணீர் நின்று, வேரடியிலும் தண்ணீர் நின்று, நாலு பற்றையில் இரண்டு அழுகிப்போயின. புத்தகம் சொன்னது பிழையில்லை, அதை எழுதியவருடைய மழை வேறு.

இப்போது நான் தை கடைசியில் வெட்டுகிறேன். வெட்டுமுன் ஒரு வாரம் தண்ணீர் விடுவதில்லை. பற்றையை முழங்கால் உயரத்துக்கு, ஒன்றரை அடி அளவில், எல்லாப் பக்கமும் வெட்டி, மிஞ்சிய கொடியில் நிற்கும் இலையையும் உருவிவிடுவேன். பார்க்கப் பாவமாக இருக்கும். வீட்டில் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் இந்த நாளில் என்னோடு பேசமாட்டார். பிறகு அடியைச் சுற்றிக் கொத்தி, உக்கிய ஆட்டெருவும் மாட்டெருவும் போட்டு, சருகால் மூடித் தண்ணீர் விட வேண்டும். துளிர் வந்தபின் ஒழுங்காகத் தண்ணீர் கேட்கும், போகன்வில்லாபோல் பட்டினி போடாதீர்கள். பங்குனி கடைசியில் முதல் அரும்பு. மாலை நாலரை, ஐந்து மணிக்குப் பறித்தால் விளக்கு வைக்கும் நேரம் வீடு மணக்கும்.

முல்லைக்கும் இதே பக்குவம்தான், ஆனால் அவ்வளவு ஆழம் வேண்டாம். பந்தலில் படர்ந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும்.

செவ்வரத்தை?

பொறுமைசாலி. தையில் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். கிழடுதட்டிய மரமென்றால் ஒரே வருடத்தில் மொட்டையடிக்காமல், மூன்று வருடத்தில் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்குப் பழைய தண்டுகளை அடியோடு எடுத்தால் மரமே புதிதாகிவிடும். வெட்டிய பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் பூ இராது. தினம் சாமிக்குப் பூ வேண்டுமென்றால் இரண்டு மரம் வைத்து, வெட்டிய ஒன்றில் பூ வந்தபின் மற்றதை வெட்டுங்கள்.

துளிர் சுருண்டு, வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் அது மாவுப்பூச்சி. அந்த நுனியை வெட்டி வளவில் போடாமல் பையில் கட்டி அகற்றுங்கள். மிச்சத்துக்கு வேகமான தண்ணீர், அப்புறம் சவர்க்காரத் தண்ணீரில் கலந்த வேப்பெண்ணெய். எறும்பு ஏறி இறங்கினால் அதையும் கவனியுங்கள், மாவுப்பூச்சியைக் காவல் காப்பது அதுதான்.

வெட்சியை வெட்டினேன். வந்த துளிரெல்லாம் மஞ்சள். வெட்டியதால் வந்த நோயா?

கத்தரிக்கோலில் குற்றமில்லை. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. சுண்ணாம்பு கூடினால் வேரால் அதை எடுக்க முடியாது. நிலாவெளி, உப்புவெளி மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும், கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு. புதிதாகச் சீமெந்து பூசிய மதில் ஓரமாக வைத்தால் இன்னும் மோசம். வெட்டியபின் வரும் இளந்துளிரில்தான் இந்தக் குறை பளிச்சென்று தெரியும், அதனால் வெட்டின் தலையில் பழி விழுகிறது.

ஹெதருக்கும் சுண்ணாம்பு ஆகாது, அந்த ஒரு குணத்தில் இரண்டும் ஒன்று. உக்கிய இலைச்சருகும் கூட்டெருவும் தாராளமாகப் போடுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை. பொறுமை இல்லையென்றால் விவசாயப் பொருள் கடையில் இரும்புச்சத்து மருந்து கிடைக்கும், பொதியில் எழுதிய அளவுக்கு மேல் போடாதீர்கள். தம்பலகாமம் பக்கத்துக் களிமண்ணில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே தண்ணீர் தேங்குவதுதான் தொல்லை.

வெட்சியைப் பூ முடிந்ததும் கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டினால் போதும். வேலியாக வைத்தவர்கள் மாதாமாதம் சதுரமாகச் சீவுகிறார்கள். அப்படிச் சீவினால் நுனியும் போகும், பூவும் போகும்.

அலரியை வெட்டும்போது கவனமாக இருக்கச் சொல்கிறார்களே?

ஆம், பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அலரியின் இலை, பூ, தண்டு, பால், விதை எல்லாமே நஞ்சு, இதயத்தைத் தாக்கும். மஞ்சள் அலரியும் அப்படியே. கையுறை போட்டு வெட்டுங்கள், பால் கண்ணில் படவிடாதீர்கள், முடிந்ததும் கையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெட்டிய குழையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ எட்டும் இடத்தில் போடாதீர்கள். எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதி. அலரிக் குச்சியில் எதையும் கோர்த்துச் சுடக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

வெட்டு எளிது. தையில் உயரத்தைப் பாதியாக்கினாலும் துளிர்க்கும். நந்தியாவட்டையும் அப்படியே.

ரோசா?

நம் வெக்கையில் ரோசாவுக்குப் பெரிய எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். தையில் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள், வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு மேலே. ஒட்டிய கன்றென்றால் ஒட்டுக்குக் கீழே எழும்பும் தண்டை விடவே விடாதீர்கள். அதில் வேறு ரோசா, பெரும்பாலும் பூக்காத ரோசா.

எந்தக் கத்தி? எந்த இடத்தில் வெட்டுவது?

விரல் பருமன் வரைக்கும் கொப்பு வெட்டும் கத்தரிக்கோல், ஒரு அலகு மற்றதைத் தாண்டிச் செல்லும் வகை. அதைவிடத் தடித்ததுக்குக் கைவாள். கைக்கத்தியால் ஓங்கி வெட்டினால் தண்டு பிளக்கும், பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கிக் கறுக்கும். நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் கைக்கத்தியைத்தான் தூக்குகிறார்கள், எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை.

கணுவுக்கு மேலே கால் அங்குலம் விட்டு, கண் இருக்கும் பக்கம் உயரமாகவும் எதிர்ப்பக்கம் சரிவாகவும் வெட்டுங்கள். கணுவை ஒட்டி வெட்டினால் கண் காயும். நீட்டிவிட்டு வெட்டினால் மிஞ்சிய குச்சி பட்டு, பட்டது கீழே இறங்கும். கண் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் புதுக்கொப்பு போகும். மரத்தின் நடுப்பகுதிக்குக் காற்றும் வெளிச்சமும் வர வேண்டுமென்றால் வெளியே பார்க்கும் கண்ணைத் தேடுங்கள். இதை மட்டும் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கனமான கொப்பை ஒரே இழுவையில் வாளால் அறுக்காதீர்கள், பாதியில் முறிந்து தாய்மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். பிறகு அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கொப்பு சுத்தமாக விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியாகத் தண்டுக்கு அருகே, அடியில் இருக்கும் தடிப்பைக் காயப்படுத்தாமல் எடுங்கள்.

நோய்ப்பட்ட மரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகுமுன் அலகை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

வெட்டுவாயில் சாணியோ பெயின்ரோ பூசவேண்டுமா?

தேவையில்லை. மரம் தன் காயத்தைத் தானே அடைக்கும். பெயின்ற் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். காலையில் பனிஈரம் காய்ந்தபின் வெட்டி, வெட்டுவாய் உலர வெயில் கிடைத்தால் அதுவே மருந்து.

வேலிக் கிளுவையும் பூவரசும் கிளிசரியாவும்?

இவை வெட்டுக்கென்றே பிறந்தவை. வருடத்துக்கு ஒருமுறை, சிலர் இருமுறை, தலை உயரத்துக்கு மொட்டையடிப்பார்கள். கிளிசரியாக் குழை தென்னைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் நல்ல பசளை, ஆடும் விரும்பித் தின்னும். வெட்டிய கதியாலில் நேரானதை எடுத்து, வேலியில் பட்டுப்போன இடத்தில் மாரி தொடங்கும்போது ஊன்றினால் வேர்விடும். இதனால் வேலியை மட்டும் புரட்டாசி, ஐப்பசியில் கழிப்பதுதான் வசதி.

முருங்கையும் கறிவேப்பிலையும் பூமரம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

கேளுங்கள். "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்பார்கள். முதல் பாதி முழு உண்மை, இரண்டாம் பாதியை விட்டுவிடுங்கள். காய் ஓய்ந்ததும் முருங்கையை மூன்று, நாலு அடிக்கு வெட்டினால் பக்கக் கொப்பு நிறைய வரும், காயும் கைக்கு எட்டும். வெட்டாமல் விட்டால் கொக்கைத்தடியோடு அண்ணாந்து நிற்க வேண்டியதுதான். அதோடு மரம் முறிந்தும் விழும்.

கறிவேப்பிலையில் ஒவ்வொரு இலையாக உருவாதீர்கள். நுனியோடு ஒரு கொப்பாக முறித்தால் அந்த இடத்தில் இரண்டு துளிர் வரும். பூவும் காயும் வந்தால் கிள்ளிவிட்டால் இலை பெருகும்.

நான் வெட்டுவதற்கு முன்பே மான் வெட்டிவிடுகிறதே!

திருகோணமலைக்காரருக்கு மட்டுமே வரக்கூடிய கேள்வி. கோட்டையிலிருந்து இறங்கி நகரத்துக்குள் உலாவும் புள்ளிமான்களுக்குச் செவ்வரத்தை மொட்டும் ரோசாத் துளிரும் பலகாரம் மாதிரி. அலரியையும் நந்தியாவட்டையையும் கடித்து நான் கண்டதில்லை. தையில் வெட்டியபின் வரும் இளந்துளிர்தான் அவற்றுக்கு மிகவும் பிடித்தது என்பதால், அந்த ஆறு வாரமும் மரத்தைச் சுற்றிப் பழைய மீன்வலையைத் தளர்வாக இல்லாமல் இறுக்கிக் கட்டுங்கள். தளர்வான வலையில் கொம்பு சிக்கும், பிறகு அவிழ்த்துவிட ஊரே கூட வேண்டும். மான் சட்டப் பாதுகாப்புள்ள பிராணி, கல்லெறிவதும் பொறி வைப்பதும் வேண்டாம். கடித்த கொப்பை அடுத்த கணுவுக்குமேல் சுத்தமாக வெட்டிவிட்டால் நட்டமில்லை. மானின் பல் கந்தலாகக் கிழிக்கும், கத்தரிக்கோல் அதைச் சரிசெய்யும்.

மாரிக்குமுன் செய்யும் வெட்டு என்றீர்களே?

2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் நமக்கு வடக்கே கரைகடந்தது. நம் மாவட்டத்துக்கு ஐப்பசியிலிருந்து மார்கழிவரை இந்தப் பயம் எப்போதும் உண்டு. அடர்த்தியான தலையுள்ள மரம் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. உயரத்தைக் குறைப்பதைவிட, உள்ளே இருக்கும் கொப்புகளில் சிலவற்றை அடியோடு எடுத்துக் காற்றுப் போக வழிவிடுங்கள். கூரைமேல் சாய்ந்ததையும், தண்டோடு ஒடுங்கிய கோணத்தில் பிணைந்த கொப்பையும் முதலில் எடுங்கள். மின்கம்பியைத் தொடும் கொப்பை நீங்கள் தொடக்கூடாது. மின்சாரப் பகுதியினருக்கு அறிவித்துவிட்டுக் காத்திருங்கள்.

இன்னொன்று, அடர்ந்த பற்றையின் நிழலும் ஈரமும் நுளம்புக்கு இருப்பிடம். 2017இல் கிண்ணியா டெங்கால் பட்ட பாடு மறந்திருக்காது. பற்றையின் அடியில் ஒரு அடிக்குக் கொப்பில்லாமல் செய்து, சாடித்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள்.

வெட்டிய குச்சியில் கன்று வைக்கலாமா?

செவ்வரத்தை, போகன்வில்லா, நந்தியாவட்டை எல்லாம் வரும். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று நாலு கணு. மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கிவிட்டு மற்ற இலையை எடுங்கள். பாதி மணலும் பாதி தும்புச்சோறும் கலந்து ஊன்றி நிழலில் வைத்தால் மாதம் ஒன்று, ஒன்றரையில் வேர்விடும். தலைகீழாக ஊன்றாதீர்கள். சிரிக்காதீர்கள், நான் செய்திருக்கிறேன்.

வெட்ட நல்ல நாள் பார்க்க வேண்டுமா?

பார்ப்பவர்கள் பாருங்கள். நான் வானத்தைப் பார்க்கிறேன். அடுத்த மூன்று நாள் மழையில்லை என்று தெரிந்தால் அதுதான் நல்ல நாள்.

வெட்டி ஆறு வாரமாகிறது. ஒரு துளிரும் இல்லை. செத்துவிட்டதா?

பிடுங்கி எறிய அவசரப்படாதீர்கள். நகத்தால் பட்டையை ஒரு நெல்லளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் ஒரு சாண் கீழே சுரண்டுங்கள், அங்கும் இல்லையென்றால் இன்னும் கீழே. பச்சை தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழ், ஒரு கணுவுக்குமேல் மறுபடி வெட்டுங்கள். பசளை போடாதீர்கள், துளிர் இல்லாத மரத்துக்கு அது சுமை. அடியில் சருகு மூடி, மண் காயும்போது மட்டும் தண்ணீர். என் வீட்டு வெள்ளைப் போகன்வில்லா ஒன்று தையில் வெட்டி, சித்திரை முதல் கிழமை வரைக்கும் வெறும் கட்டையாக நின்றது. கிணற்றடியில் இடம் வேண்டுமென்று அலவாங்கோடு போன நாளில், நிலமட்டத்தில் சிவப்பாக ஒரு துளிர் நின்றதைக் கண்டு திரும்பி வந்தேன்.